"மச்சான், தண்ணி தா": ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் நடந்த கூத்து

கடற்கரைவீதிக்காரன் | வெள்ளி இரவு 9.40

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கேள்வி பிறகு.

தாய்மாமன் குடும்பம் பல வருடத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து திருகோணமலைக்கு வந்திருக்கிறது. மாமாவின் மகள் அங்கேயே பிறந்தவள். நன்றாகத் தமிழ் கதைப்பாள். ஆனால் பாதித் தமிழ் வீட்டில் கற்றது, மீதி ஸ்கார்பரோவில் கூட்டாளிமாரிடம் கற்றது. போன ஞாயிறு எல்லாரும் கூடியிருந்து சாப்பிட்டோம். இறால் பொரியலில் அம்மா கொஞ்சம் கூடத் தூள் போட்டுவிட்டார். உறைப்புத் தாங்காமல் அவள் என்னைப் பார்த்து, "மச்சான், தண்ணி தா" என்றாள்.

அவ்வளவுதான். அம்மம்மா சோற்றுக் கையோடு எழும்பி நின்றுவிட்டார். "பாத்தியளே, கனடாவில பிறந்தும் முறை தெரிஞ்ச பிள்ளை!" பெரியம்மா சிரிக்க, மாமி சிரிக்காமல் இருக்க, நான் தண்ணீர்ச் செம்பைத் தேட, மூன்று நாளில் கதை சாதகக் குறிப்பு வரை வந்துவிட்டது. அவளோ, "நான் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவேன், உங்கட நாயையும் அப்படித்தானே கூப்பிட்டேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

அம்மம்மாவைப் பொறுத்தவரை மச்சான் என்றால் கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன். அவளைப் பொறுத்தவரை 'டேய்' மாதிரி ஒன்று. இரண்டும் ஒரே சொல். இது எப்படி நடந்தது? எங்கிருந்து வந்த சொல்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வீட்டில் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது.

நிலாவெளியான் | வெள்ளி இரவு 9.52

சாப்பாடு எப்ப மச்சான்?

தம்பலகாமத்தான் | வெள்ளி இரவு 10.15

சிரிக்காமல் ஒரு விஷயம் சொல்கிறேன். ஆங்கில அகராதியைத் திறந்து பார்த்தால் இந்தச் சொல் அதிலேயே இருக்கிறது, ஆனால் பொருள் வேறு: வேட்டைக்காகவோ காவலுக்காகவோ மரத்தில் கட்டிய பரண். எங்கள் பக்கம் வயல் விளைந்ததும் யானைக்குக் காவல் இருக்கப் பரணில்தான் ஏறுவோம். தனியாக ஒருவன் போகமாட்டான், இரண்டு பேர். இரவு முழுக்கப் பீடியும் வெடியும் பழைய கதையும். அப்படிக் கூட இருந்தவன்தான் மச்சான் ஆகியிருப்பான் என்பது என் யோசனை. வெள்ளைக்காரன் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

திருக்கடலூர் கரைவலை | வெள்ளி இரவு 10.31

பரணும் இல்லை, மண்ணும் இல்லை. மச்சம் என்றால் மீன். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை என்று சொல்கிறோமா இல்லையா? கரைவலையில் ஒன்றாய்க் கயிறு இழுத்து, ஒன்றாய் மச்சம் பங்குபோட்டவன் மச்சான். கடற்கரையில் பிறந்த சொல், கடற்கரையில் இருக்கிறவனைக் கேள்.

சொல்வேட்டை | சனி காலை 6.20

இரண்டு பேருடைய கதையும் நன்றாக இருக்கிறது. கதை நன்றாக இருந்தால் சொல்லாராய்ச்சி பெரும்பாலும் பிழையாக இருக்கும் என்பது என் அனுபவம்.

பரண் முதலில். ஆங்கில அகராதியில் இருப்பது இந்தியில் உள்ள 'மசான்' என்ற இன்னொரு சொல். எழுத்துக்கூட்டல் ஒன்றாய் இருப்பதால் வந்த மயக்கம் இது. அதன் மூலம் சமஸ்கிருத 'மஞ்ச', அதாவது உயரமான மேடை. நாம் மஞ்சம் என்று கட்டிலைச் சொல்வது அதே வேர். தமிழ் மச்சானுக்கும் அதற்கும் பெண் கொடுக்கல் எடுக்கல் கூடக் கிடையாது.

மச்சம் அடுத்தது. அது மத்ஸ்யம். அதைத்தான் நாம் மீனோடு இறைச்சிக்கும் சேர்த்துச் சொல்கிறோம். கரைவலை ஐயா கோபிக்கக் கூடாது, இதுவும் ஒலி ஒற்றுமைதான்.

மச்சான் வந்தது மைத்துனனிலிருந்து. எப்படி என்று பார்க்கப் புத்தகம் தேவையில்லை, நம் வாயைக் கவனித்தால் போதும். வைத்தான் என்று எழுதுகிறோம், வச்சான் என்கிறோம். தைத்தான், தச்சான். அடித்தான், அடிச்சான். இகரமோ ஐகாரமோ முன்னால் நின்றால் பின்னால் வரும் த்த, பேச்சில் ச்ச ஆகிவிடும். அதே வாய் மைத்துனனை மச்சுனன் ஆக்கியது, பிறகு மச்சினன் ஆக்கியது. மலையாளத்தில் மச்சுனன் இன்னும் உயிரோடு இருக்கிறது. கன்னடத்தில் மைதுன. இந்த வரிசையில் தேய்ந்து, கூப்பிட வசதியாக நீண்டு நிற்பதுதான் மச்சான். மச்சாள் அதன் பெண்பால்.

மைத்துனன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மிதுனம், அதாவது இணை, அதன் வழியாக மைதுனம் என்று சமஸ்கிருதத்தோடு முடிச்சுப் போடுவது பழைய வழக்கம். மைதுனத்துக்கு என்ன பொருள் என்று அம்மம்மாவிடம் விளக்கப் போகாதீர்கள், அன்றிரவே தாலி கட்டவேண்டி வரும்.

பொருள் விஷயத்தில் அம்மம்மா பக்கம்தான் பழைய சாட்சி பலமாக இருக்கிறது. ஆண்டாள் தன் கல்யாணக் கனவைப் பாடும்போது, கைப்பிடிக்க வரும் மாப்பிள்ளையை "மைத்துனன் நம்பி மதுசூதன்" என்கிறாள். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பாட்டில் மைத்துனன் மாப்பிள்ளை, கூட்டாளி அல்ல.

தம்பலகாமத்தான் | சனி காலை 7.05

சரி, பரணிலிருந்து இறங்கிவிட்டேன்.

திருக்கடலூர் கரைவலை | சனி காலை 7.40

நான் இறங்கவில்லை. ஆனால் வச்சான், தச்சான் கதை நல்லாயிருக்கு.

கிண்ணியாப் பிள்ளை | சனி முற்பகல் 10.10

நான் இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் மச்சான் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறார். விளங்குகிறதா? எங்கள் பக்கம் புருசனை மச்சான் என்று கூப்பிடுகிற பெண்கள் நிறையப் பேர். நான் கட்டியது மாமி மகனை, சின்ன வயதிலிருந்தே மச்சான், கல்யாணத்துக்குப் பிறகு மட்டும் வேறு பெயர் எங்கே தேடுவது? கைபேசியிலும் மச்சான் என்றுதான் பதிந்திருக்கிறேன்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பின்னேரம் இவருடைய கூட்டாளிமார் கேற்றடியில் நின்று "மச்சான், மச்சான்" என்று கத்துவார்கள். உள்ளேயிருந்து நானும் "மச்சான், கூப்பிடுறாங்க" என்பேன். மூன்று வயது மகன் இப்போது தகப்பனை மச்சான் என்கிறான். அவனைத் திருத்த நாங்கள் பட்ட பாடு.

இன்னொன்று. எங்களுக்கு மச்சி என்றால் பெண். மாமா மகள் மச்சி, மாமி மகள் மச்சி. தமிழ்நாட்டுப் படம் பார்க்கும்போது தாடி வைத்த ஒருவனை இன்னொருவன் "மச்சி" என்றதும் என் மூத்தவள் திரும்பி, "உம்மா, அந்த ஆள் பொம்பிளையா?" என்று கேட்டாள். வீடே சிரித்தது.

அம்மம்மாவுக்கு என் சலாம். அந்தப் பிள்ளை கூட்டாளிக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்ன இடம் சரியான இடம். வாய் தவறினாலும் முறை தவறவில்லை.

கந்தளாய்க்காரன் | சனி நண்பகல் 12.30

எனக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும், பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் சிங்களவன், மனைவி தமிழ்.

சிங்களத்தில் இரண்டு சொல் இருக்கிறது. மாமா மகன், நெந்தா (நீங்கள் மாமி என்பது) மகன், அக்கா தங்கச்சியின் புருசன், இவர்கள் மஸ்ஸினா. கூட்டாளி மச்சங். "அடோ மச்சங்" என்று தெருவில் கூப்பிடலாம். ஆனால் என் மனைவியின் அண்ணனை நான் மற்றவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது மச்சங் என்று சொல்ல மாட்டேன், மஸ்ஸினா என்றுதான் சொல்வேன். இரண்டும் உங்களிடமிருந்து வந்த சொல்தான், நாங்கள் ஒன்றை வீட்டுக்குள்ளேயும் ஒன்றை வெளியேயும் வைத்துக்கொண்டோம். உங்கள் வீட்டில் நடந்தது எங்கள் வீட்டில் நடக்காது. எங்கள் ஆச்சி 'மச்சங்' கேட்டால் கல்யாணம் பேச மாட்டார், "ஆம்பிளை மாதிரிக் கதைக்காதே" என்று ஏசுவார்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறப்பதற்கு முன் 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் வண்டியை ஏற்றிக் கடப்போம். ஒரு கரையில் காத்துக்கொண்டு நிற்கும்போது தமிழன், முஸ்லிம், சிங்களவன் மூன்று பேருக்கும் பொதுவாக வாயில் வரும் சொல் இதுதான். "மச்சான், இன்னும் எவ்வளவு நேரம்?" அதற்குப் பதில் எந்த மொழியில் வந்தாலும் விளங்கிவிடும், ஏனென்றால் பதில் எப்போதும் "இந்தா வருது" தான்.

சொல்வேட்டை | சனி நண்பகல் 12.48

மேலே எழுதியதில் தங்கமான தகவல் இருக்கிறது, யாரும் கவனிக்காமல் போகவேண்டாம். சிங்களம் மச்சினனை மஸ்ஸினா ஆக்கிக் குடும்பத்துக்குள் பூட்டி வைத்தது. கூப்பிடும் வடிவத்தைத் தனியாக எடுத்துத் தெருவுக்கு விட்டது. தமிழில் அந்தப் பிரிவினை நடக்கவில்லை. ஒரே சட்டையைக் கோயிலுக்கும் போட்டு, மீன் வாங்கவும் போடுகிறோம். கறை படத்தான் செய்யும்.

கடற்கரைவீதிக்காரன் | சனி பிற்பகல் 2.05

மைத்துனன் வழி புரிந்தது. ஆனால் என் கேள்வியில் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது. உறவுச் சொல் எத்தனையோ இருக்க, கூட்டாளிக்கு ஏன் இது? அண்ணன், தம்பி என்று வைத்திருக்கலாமே?

கொட்டியாரத்தான் | சனி மாலை 5.30

தம்பி, வயது 71 எனக்கு. அண்ணன் தம்பியோடு நீ பகிடி விடுவாயா? காணி எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் நேரம் சரியாய் இருக்கும். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் அண்ணன் தம்பிதான், அங்கேயும் மரியாதையும் சண்டையும். மாமா மகன் அப்படி இல்லை. அவனைத் தள்ளிவிடலாம், பட்டப்பெயர் வைக்கலாம், கூத்துக் கொட்டகையில் அவன் வேசத்தைப் பார்த்து விசில் அடிக்கலாம். அவன் கோபித்தால் பிழை அவனுடையது, ஏனென்றால் அது கேலிமுறை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பை ஒளிக்கிறவன் யார்? மச்சான். தம்பி ஒளித்தால் அடி விழும்.

கூட்டாளியிடம் நாம் எதிர்பார்ப்பது இந்த விளையாட்டைத்தான். அதனால் அந்த முறைக்கு உரிய பெயரை அவனுக்குக் கொடுத்துவிட்டோம்.

நல்ல உதாரணம் பாரதக் கதையில் இருக்கிறது. குந்தி வசுதேவரோடு உடன்பிறந்தவள், ஆகவே கிருஷ்ணன் அர்ச்சுனனுக்குத் தாய்மாமன் மகன். மச்சான் கணக்கு ஒன்று. பிறகு கிருஷ்ணனின் தங்கை சுபத்திரையை அர்ச்சுனன் கட்டினான். மச்சான் கணக்கு இரண்டு. தேரில் ஏறி உட்கார்ந்து கதைத்த கூட்டாளி, கணக்கு மூன்று. பாரதக் கூத்து விடியவிடியப் பார்த்து வளர்ந்த கிழக்கு மாகாணத்தானுக்கு இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இன்னொன்றும் கவனி. அக்காவின் புருசனை அத்தான் என்கிறோம். அதுவும் கிட்டத்தட்ட அதே முறைதான். ஆனால் எவனாவது கூட்டாளியை அத்தான் என்று கூப்பிட்டு நீ கேட்டிருக்கிறாயா? அத்தானில் மரியாதை இருக்கிறது. மரியாதை இருந்தால் தோளில் கை போட முடியாது.

தோஹா வெயில் | சனி இரவு 8.15

கேலிமுறை எல்லா ஊரிலும் ஒன்றில்லை, என் மூக்கு அதற்குச் சாட்சி. கத்தாருக்கு வந்த புதிதில் என்னோடு ஒரே அறையில் ஒரு பீகார்க்காரர். நல்ல மனுசன். மச்சான் என்று கூப்பிட ஆசை, அவருக்குத் தமிழ் தெரியாது. மனைவியின் சகோதரனுக்கு இந்தியில் என்ன சொல் என்று விசாரித்தேன். 'சாலா' என்றார்கள். அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அன்பாக, "வா சாலா, பக்கத்தில் இரு" என்றேன்.

பிறகுதான் தெரிந்தது அது கெட்ட வார்த்தை. 'நீ என் மனைவியின் சகோதரன்' என்றால், 'உன் சகோதரி என்னிடம்' என்று அர்த்தம் போகிறதாம். யோசித்தால் நம் சொல்லிலும் அதே கணக்குத்தான் இருக்கிறது! ஒரே உறவு, அங்கே அடி, இங்கே அணைப்பு.

சென்னைத் தண்ணிலாரி | சனி இரவு 9.00

இங்கேயும் முழுக்க அணைப்பு என்று சொல்ல முடியாது. கிராமத்தில் தங்கச்சி இருக்கிறவனைப் பார்த்து வேண்டுமென்றே "என்ன மச்சான்" என்று இழுத்தால் சண்டைக்கு அழைப்பு மாதிரி. தங்கச்சியே இல்லாதவனைச் சொன்னால் பிரச்சினை இல்லை. ஆக, பீகார்க்காரர் கணக்கு நமக்கும் தெரியும், நாம் அதை மடித்துப் பையில் வைத்திருக்கிறோம்.

எங்கள் ஊர்க் கல்லூரிகளில் மச்சான், மச்சி, மாப்ள, மாமா எல்லாமே ஓடும். கேரளத்து நண்பர்கள் அளியா என்பார்கள், அதுவும் அக்கா தங்கை புருசன்தான். ஆந்திராப் பையன்கள் பாவா என்பார்கள், அதுவும் அதே வீட்டுக்காரர். தெற்கே யாரைப் பார்த்தாலும் கூட்டாளியைச் சம்பந்தி வீட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய சாப்பாட்டுக் கடைக்கு மாமாக் கடை என்றே பெயர் நின்றுவிட்டது. அது நம் மாமாதான். ஆனால் இங்கே "மாமா வேலை" என்று மட்டும் யாரையும் சொல்லிவிடாதீர்கள், அதற்கு வேறு அர்த்தம்.

கிண்ணியாப் பிள்ளை: மச்சி விஷயத்துக்கு எங்கள் சார்பில் மன்னிப்பு.

கம்பஸ் காகம் | ஞாயிறு காலை 8.45

ஆம்பிளைகளே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், கிண்ணியா அக்காவைத் தவிர. கம்பஸில் நாங்கள் பெண்களுக்குள்ளேயே மச்சான்தான். "மச்சான், நோட்ஸ் தா." "மச்சான், உன் தோடு வடிவா இருக்கு." அம்மா கேட்டுவிட்டு, "பொம்பிளைக்குப் பொம்பிளை என்ன மச்சான், மச்சாள் எண்டு சொல்லு" என்றார். சொல்லிப் பார்த்தேன். மச்சாள் என்றதும் உடனே சீதனம், கூறைச்சேலை, பால் காய்ச்சுதல் எல்லாம் கண்முன்னால் வருகிறது. மச்சாளில் உறவு மட்டும்தான் இருக்கிறது. கூட்டு மச்சானில்தான்.

முதல் வருடத்தில் சீனியர் ஒருவரிடம் வாய் தவறி மச்சான் என்றுவிட்டேன். அவர் அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்து அண்ணா என்று சொல்லப் பழக்கினார். ஒரே வருடத்துப் பட்ச் என்றால் மச்சான், அதற்கு மேலே என்றால் அண்ணா, அக்கா. அந்த எல்லையைத் தாண்டினால் அவர்களுக்குத் தாங்காது. மூன்றாம் வருடம் வந்ததும் அதே ஆள் என்னிடம் பணம் கடன் கேட்டார். எப்படித் தொடங்கினார் என்று நினைக்கிறீர்கள்? "மச்சாஆஆன்..."

அந்த நீளம் முக்கியம். கட்டையாய் வந்தால் கோபம், சாதாரணமாய் வந்தால் சுகம், நீண்டு வந்தால் கடன்.

தம்பலகாமத்தான் | ஞாயிறு காலை 9.02

அறிமுகமே இல்லாத முச்சக்கரவண்டிக்காரர் "மச்சான்" என்றால் கட்டணம் இருமடங்கு. இதையும் எழுதி வையுங்கள்.

பழைய வாத்தியார் | ஞாயிறு காலை 11.20

எல்லாம் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் ஒரு உறவுச் சொல்லை இப்படி எல்லாருக்கும் வாரி வழங்கினால் அதன் மதிப்பு என்ன ஆகும்? எங்கள் காலத்தில் மச்சான் என்றால் வீட்டுக்கு வந்தால் பாய் விரிக்க வேண்டும். இப்போது தெருவில் போகிறவனெல்லாம் மச்சான்.

கொட்டியாரத்தான் | ஞாயிறு காலை 11.55

வாத்தியார், உங்கள் காலம்தான் என் காலமும். பெரியகடைச் சந்தியில் முன்பின் தெரியாத கச்சான் கடலைக்காரரை நீங்களும் நானும் 'அண்ணே' என்றுதானே கூப்பிட்டோம்? அண்ணனின் மதிப்புக் குறைந்துவிட்டதா? அவர் சுருளில் நாலு கொட்டை கூடப் போட்டார், அவ்வளவுதான். ஊர் முழுக்க உறவுச் சொல்லில் ஓடுகிற ஊர் இது.

பழைய வாத்தியார் | ஞாயிறு நண்பகல் 12.10

நாலு கொட்டை உமக்குத்தான் போட்டார். எனக்குப் போடவில்லை.

கடற்கரைவீதிக்காரன் | திங்கள் இரவு 10.25

எல்லாருக்கும் நன்றி. முடிவு கேட்டு உள்பெட்டியில் பதினொரு பேர் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன்.

நேற்று இரவு இழை முழுவதையும் மாமா மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆண்டாள் இடத்தில் முகம் சுருங்கியது, கிருஷ்ணன் இடத்தில் பரவாயில்லை, பாரதத்தில் மாமா மகளைக் கட்டுகிற இடத்தில் எழும்பிப் போய்விட்டாள். இன்று காலை குசினி வாசலில் நின்றுகொண்டு, அம்மம்மாவுக்கும் கேட்கும்படி தெளிவாக, "அண்ணா, தேத்தண்ணி இருக்கா?" என்றாள்.

குசினிக்குள் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. "அண்ணனோ? ஆரடி உனக்கு அண்ணன்? மாமி பெத்த பிள்ளையை அண்ணன் எண்டுறியே, வெளியில ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்?" என்று தொடங்கியவர் மத்தியானம் வரை நிறுத்தவில்லை. மச்சான் என்று சொன்னதற்குக் கூட இவ்வளவு சத்தம் வரவில்லை. மாமிதான் அவளுக்கு இரண்டாவது தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தார், சிரித்த முகத்தோடு.

பின்னேரம் அம்மம்மா என் கைபேசியை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஆர் ஆர் என்ன எழுதினவை, வாசி" என்றார். முழுதும் கேட்டார். சொல்வேட்டைக்கு ஒரு "ம்". கொட்டியாரத்தானுக்கு, "இவர் ஆற்றை மகன்?" கடைசியில் கைபேசியைத் திருப்பித் தந்து சொன்னார்: "அந்தக் கிண்ணியாப் பிள்ளை ஒண்டுக்குத்தான் விசயம் தெரியும். அதை ஒருநாள் சாப்பிட வரச் சொல்லு. மச்சானையும் கூட்டிக்கொண்டு வரட்டும்."